ஐந்தாவது நாற்காலி

யிந்தாரி
13 பிப்ரவரி 2003

நோலீன் அக்காவுக்கு,

டெலிபோன் பெட்டி இன்னும் சரியாகவில்லை. அதனால் எழுதுகிறேன். பேசுவதைவிட எனக்கு இது சுலபம் என்று உனக்குத் தெரியும்.

நீ டெரன்ஸ் அத்தானைக் கட்டிக்கொண்டு மல்குராவுக்குப் போனதில் அம்மாவுக்குக் கோபம் இல்லை. முறைப்படி சரியான ஆள்தான் என்று சித்தியிடம் சொன்னாள். அவர் பெயரை மட்டும் சொல்வதில்லை, மாமியார் ஆகிவிட்டாளே. "அந்த மல்குராக்காரர்" என்கிறாள். போன வாரம் மல்குரா லாரி வந்தபோது யார் ஓட்டி வருகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டி வந்தவர் கடைக்கார வெள்ளைக்காரர். சித்தி சிரித்து உருண்டாள்.

ஆனால் இப்போது சிரிக்க முடியாத ஒன்று வந்திருக்கிறது. ஏப்ரலில் அவை கூடுகிறது. யிந்தாரிக்கு அவையில் ஒரே நாற்காலி. அதில் அம்மா உட்கார வேண்டும். மல்குரா நாற்காலியில், தலைவராக, அத்தான் இருப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூடாத மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் எப்படி உட்காருவது?

போன வருஷம் ஐந்து ஊரும் சேர்ந்து ஒரே அவை வைத்துக்கொள்ளலாம் என்று பேசிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாதான் எழுந்து நின்றாள். "விருப்பப்பட்டுச் சேருவோம், விருப்பம் இல்லேன்னா போவோம். ஆனா அஞ்சு ஊரும் அறைக்குள்ள இருந்தாத்தான் முடிவு. ஒரு நாற்காலி காலியானாலும் பேச்சு நிக்கணும்" என்றாள். ஆறு வீடு இருக்கிற ஊரைப் பெரிய ஊர்கள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக அவள் கேட்ட விதி அது. நீ கூடக் கைதட்டினாய். அப்போது உனக்கு டெரன்ஸ் அத்தான் யார் என்றே தெரியாது.

போர்வெல் மோட்டார் இருமுகிறது. மாமா அதற்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, நின்றால் உதைத்து ஓட்டுகிறார். அரசாங்கம் தந்த இந்த வருஷப் பணத்தில் அவை புது மோட்டார் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் இந்த ஊர் இல்லை.

அம்மா என்னைப் போகச் சொல்கிறாள். என்னை!

டெல்வினா

---

மல்குரா
6 மார்ச் 2003

அடி டெல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு பயந்தேன். இங்கேயும் அதே கூத்துதான். போன வாரம் பெரியம்மா கடைக்கு வந்தாள். அவளும் இவருக்கு மாமியார் முறைதானே, ஐந்து ஊருக்குத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? குளிர்பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். பெரியம்மா பால்மாவு வாங்கி, ஊர்க்கதையெல்லாம் பேசி முடிக்கிறவரைக்கும் அப்படியே இருந்தார். வெளியே வந்தபோது முட்டி பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை.

நீ கேட்பது எனக்குப் புரிகிறது. சித்தியை அனுப்ப முடியாது, அவளும் மாமியார். மாமாவும் இவர் ஒதுங்க வேண்டியவர்தான். ஆறு வீடும் ஒரே குடும்பமாக இருந்தால் இப்படித்தான். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இப்போது மிஞ்சியிருப்பது நீ ஒருத்திதான். நீ மனைவியின் தங்கை. உன்னோடு அவர் பேசலாம், கேலிகூடப் பண்ணலாம். கட்டாயம் பண்ணுவார்.

அரசாங்கத்திலிருந்து வருகிற பிரெண்டனிடம் கேட்டேன். நாற்காலியில் நீ உட்கார், அம்மா வெளியே ஜன்னலுக்குக் கீழே சுவருக்கு முதுகு காட்டி உட்காரட்டும், சொல்ல வேண்டியதை நீ வாங்கிவந்து சொல் என்றான். நல்ல பையன். அவனுக்கு எல்லாமே ஜன்னல் கதவு விஷயமாகத்தான் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காதவள் என்று உனக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே கொண்டுவராதே. சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வா.

நோலீன்

---

யிந்தாரி
17 ஏப்ரல் 2003

அக்கா,

நீ சமையலறையில் இருந்தாய். உள்ளே நடந்ததை அத்தான் உன்னிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் ரோடு பற்றிப் பேசினார்கள். நான் தலையை ஆட்டினேன், அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு பிரெண்டன் பலகையில் 'யிந்தாரி' என்று எழுதினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து வெளியே ஓடினேன்.

அம்மா ஜன்னலுக்குக் கீழே மணலில் உட்கார்ந்திருந்தாள். "மோட்டார் வேணும்னு சொல்லு. வேற என்ன சொல்லப் போற? ஓடு" என்றாள்.

உள்ளே வந்து, "யிந்தாரிக்கு மோட்டார் வேணுமாம்" என்றேன். வாசலில் நின்றபடியே சொன்னேன், நாற்காலி வரை போகவில்லை.

தாரிங்காக்காரர் ஹெக்டர் கேட்டார்: "வேணுமாமா? யாருக்கு வேணுமாம்? ஜன்னலுக்கு வெளிய இருமுறது யாரு?"

அம்மா அந்த நேரம் பார்த்து இருமினாள்.

அத்தான் என்னையும் பார்க்கவில்லை, ஹெக்டரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மல்குரா நாற்காலி காலி. பிரெண்டன் விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, நாலு ஊர்தான் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றான்.

ஹெக்டர் சும்மா இருக்கவில்லை. "எங்க போயிட்டான்? மருமகன் செய்ற முறைன்னு மாமியாருக்கு கங்காரு வாலு சுடப் போயிட்டானா? வாலோட மோட்டாரையும் சேத்துக் கட்டி அனுப்பச் சொல்லு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கேவலமாக இருக்கிறது.

ஊர் வந்ததும் அம்மா ஒன்று கேட்டாள்: "எந்தப் பக்கமாப் போனார்? என் பக்கம் வரலையே?" வரவில்லை என்றேன். "நல்லா வளர்த்திருக்காங்க" என்றாள்.

மல்குராவிலிருந்து வேறு ஆளை அந்த நாற்காலிக்கு அனுப்ப முடியாதா?

டெல்

---

மல்குரா
1 மே 2003

டெல்,

அனுப்ப முடியாது. மல்குரா நிலத்துக்குப் பேசும் உரிமை இவர் குடும்பத்துக்கு மட்டும்தான். இவர் தம்பி இருக்கிறான், அவனும் அம்மாவுக்கு மருமகன் முறை. அவனும் அதே பின்வாசல் வழியாகத்தான் போவான்.

நீ இவர்மேல் வருத்தப்படுகிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. யோசித்துப் பார். மாமியார் கேட்கிறாள். இவர் 'சரி' என்றால், ஐந்து ஊர்ப் பணத்தை மாமியார் வீட்டுக்கு அள்ளிக் கொடுத்தான் என்பார்கள். ஹெக்டர் சொன்னது விளையாட்டு இல்லை, எச்சரிக்கை. 'இல்லை' என்றால் இவர் எந்த ஊரிலும் தலை காட்ட முடியாது. மாமியார் கேட்டதற்கு மருமகன் அங்கேயே உட்கார்ந்து பதில் சொல்வதாவது! எழுந்து போனதுதான் மரியாதை. அன்று மாலை சாப்பிடவில்லை. என்னிடம், "உங்க ஊருக்கு நல்லது பண்ணணும்னா நான் செத்துத்தான் போகணும்" என்றார். "செத்தா நாற்காலி காலியாயிடும், அப்பவும் முடிவு எடுக்க முடியாது. உக்காந்து சாப்பிடு" என்றேன்.

நான் ஒன்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்டுச் சொல். நான் இவரை விட்டுவிட்டு யிந்தாரிக்கு வந்துவிட்டால்?

இவருக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

நோலீன்

---

யிந்தாரி
15 மே 2003

அக்கா,

எரித்துவிட்டேன். முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் சாம்பலில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "விட்டுட்டு வந்தா? மாமியார் ஆனது ஆனதுதான். அவ வேற ஆளைக் கட்டினாலும் நான் அவருக்கு மாமியார்தான், செத்தாலும் மாமியார்தான். மோட்டாருக்காகப் புருஷனை விடுறாளாம். மோட்டாரோட குடும்பம் நடத்தப் போறாளா?" என்றாள்.

சித்தி, "மோட்டாராவது திருப்பிப் பேசாது" என்றாள். கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அம்மா என்னை எழுதச் சொன்னது: வராதே. உனக்குக் காலையில் தேநீர் பிடிக்கவில்லை என்று லாரிக்காரர் மனைவி சொன்னாளாம். அதனால் வராதே.

மோட்டார் இப்போது காலையில் மட்டும்தான் ஓடுகிறது. குளிர் வந்துவிட்டதால் யாரும் குளிப்பதில்லை, அது ஒரு வசதி. பெரிய மாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார். "ரெண்டு வாரம்" என்றார். மெத்தைகளையும் ஏற்றினார். ரெண்டு வாரத்துக்கு யாரும் மெத்தை கொண்டுபோவதில்லை.

டெல்

---

மல்குரா
29 மே 2003

டெல்,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி.

ஜூன் கடைசியோடு இந்த வருஷப் பணம் முடிகிறது. செலவாகாதது அரசாங்கத்துக்கே திரும்பிப் போய்விடும் என்று பிரெண்டன் சொல்கிறான். அதற்குமுன் ஒரே ஒரு கூட்டம்தான், ஜூன் பன்னிரண்டு.

நானும் இவரும் பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். அம்மா வரவே கூடாது. மல்குரா எல்லைக்குள்ளேயே இருக்கக் கூடாது. நீ மட்டும் வா. 'அம்மா கேட்கிறாள்', 'யிந்தாரி கேட்கிறது' என்று எதுவும் சொல்லாதே. 'நான் கேட்கிறேன், எனக்கு வேண்டும்' என்று சொல். மனைவியின் தங்கை கேட்டால் இவர் உட்கார்ந்து கேட்கலாம், 'சரி' என்றும் சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை. மற்ற மூன்று ஊரும் மோட்டார் தர ஒப்புக்கொள்ளும், நான் சமையலறையில் வைத்தே ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டேன். ஹெக்டரும் 'பாப்போம்' என்றார். அவர் 'பாப்போம்' என்பதே பெரிது.

சொல்லிப் பழகு. நாய்களிடம் சொல்லு, டேங்கிடம் சொல்லு. மூன்று வார்த்தைகள், டெல். 'எனக்கு மோட்டார் வேணும்.' வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

இதுதான் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

நோலீன்

---

மல்குரா
13 ஜூன் 2003

டெல்வினா,

நேற்று லாரியில் நீ என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாய்.

பதினேழு வருஷமாக வாய் திறக்காத பெண், திறந்ததும் திறந்தாய், அந்த ஒரு சொல்லைத்தானா சொல்ல வேண்டும்? நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கேட்டதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நன்றாகக் கேட்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம், அது உனக்குக் கைவந்ததுதானே! 'நான்' என்று சொல்லியிருக்கலாம். யார் உன்னை அடித்துவிடப் போகிறார்கள்?

இவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆற்றுமணலில் தீ போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நோலீன்

---

யிந்தாரி
26 ஜூன் 2003

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாய். ஹெக்டரின் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நான் சொல்லிப் பழகினேன். டேங்கிடம் சொன்னேன், நாய்களிடம் சொன்னேன். அன்று எழுந்து நின்று, "எங்க வீட்டுக் குழாயில தண்ணி வரல. நான் கேக்குறேன். எனக்கு மோட்டார் வேணும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் "சரி, சரி" என்றார்கள். பிரெண்டன் எழுதவே ஆரம்பித்துவிட்டான்.

அப்போது ஹெக்டர் சொன்னார். கேலி இல்லை அக்கா. மெதுவாகத்தான் சொன்னார்: "நல்லாக் கேட்ட பாப்பா. உங்க அண்ணன் இருந்திருந்தாகூட இப்படிக் கேட்டிருக்க மாட்டான். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த நிலத்துக்கு யார் பேசுவாங்க?"

பிரெண்டன், "அதெல்லாம் விதியில் இல்லையே" என்றான். ஹெக்டர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க விதியில இல்ல தம்பி. இது அதுக்கு முன்னாடியே இருக்கு. நான் இன்னைக்குக் கேக்கலேன்னா நாளைக்கு யார் வேணும்னாலும் வந்து யார் நிலத்தையும் தோண்டுன்னு சொல்லிடுவாங்க" என்றார். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தானும்.

நான் என்ன சொல்ல வேண்டும்? 'நான்' என்றா? அம்மா உயிரோடு இருக்கும்போது நான் அப்படிச் சொன்னால் அவளைப் புதைத்துவிட்டு வந்து சொன்ன மாதிரி. அந்தத் தண்ணீரை நான் குடிக்க முடியுமா? அங்கே இருந்த எல்லோருக்கும் யார் என்று தெரியும். தெரிந்துதான் கேட்டார். பொய் சொன்னால் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அதைப் பொய் என்று தெரிந்துகொண்டே கேட்டிருப்பார்கள்.

"அம்மா" என்றேன்.

அத்தான் குவளையைக் கீழே வைத்தார். தேநீர் சிந்தியது. அதைக் கையால் துடைத்தார். பிறகு எழுந்து போனார். போகும்போது என் நாற்காலியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போனார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். உனக்கு இருக்கிறது. இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வேற என்ன சொல்ல முடியும்" என்றாள். பிறகு தனியாகப் போய் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை அது நின்றுவிட்டது. மாமா உதைத்துப் பார்த்தார், பிறகு உதைக்கவில்லை.

டெல்

---

மல்குரா
24 ஜூலை 2003

டெல்,

அன்று எழுதியதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

சித்தியும் மாமாவும் நேற்று இங்கே வந்து சேர்ந்தார்கள். ஊரின் கிழக்குக் கோடியில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். யிந்தாரியில் நீயும் அம்மாவும் மட்டும்தான், லாரி கொண்டுவரும் டிரம் தண்ணீரில் இருக்கிறீர்கள் என்றார்கள். சித்தி முறைக்குத்தான் மாமியார், ஒதுங்கி இருந்துகொள்வாள்; என்னைப் பெற்ற அம்மா ஏன் இங்கே வரமாட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கடை, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ரோடு. எல்லா இடத்திலும் இவர் இருக்கிறார்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை.

அவை மூன்று நாளைக்கு முன் கூடியது. நிலத்துக்குப் பேசுகிறவள் நீ இல்லை என்று ஆனபிறகு ஐந்தாவது நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. அதனால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. மல்குரா ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும், அதற்கு வீடு வேண்டும், அதுவும் நின்றுவிட்டது. தாரிங்கா ரோடும் நின்றுவிட்டது. நாற்காலியை எடுத்துவிடலாமா என்று பிரெண்டனைக் கேட்டார்கள். அவர்களாக எடுக்க முடியாதாம். சேர்ந்தது விருப்பப்பட்டு, போவதும் விருப்பப்பட்டுத்தான் இருக்க வேண்டுமாம். யிந்தாரியே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அவன் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வரிதான். 'யிந்தாரி தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறது.' அந்த நிலத்துக்குப் பேசுகிறவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

இவர் என்னை எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது டெல். இங்கே நர்ஸ் இல்லை.

அக்கா

---

யிந்தாரி
7 ஆகஸ்ட் 2003

நோலீன் அக்காவுக்கு,

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள்.

"சொந்த விருப்பம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாமதான கேட்டு வாங்கினோம் இந்தச் சொல்ல? யாரும் யாரையும் இழுத்துட்டுப் போகக் கூடாது, யாரும் யாரையும் வெளிய தள்ளக் கூடாதுன்னு. நல்ல விதிதான் அது. இப்பவும் நல்ல விதிதான்."

"போட வேண்டாம்மா" என்றேன்.

"போடலேன்னா? நாற்காலி அப்படியே இருக்கும். யாரு வந்து உக்காருவா, நாயா?" காகிதத்தை வாங்கி முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிச் சுற்றிப் போட்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பிறகு, "அந்த மல்குராக்காரருக்காக இல்ல. அவ பிள்ளைக்கு நர்ஸ் வேணும்னு எழுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவருக்காகவும்தான்" என்றாள். "ஆனா அதை எழுதாத." எழுதிவிட்டேன்.

போன தபால் விமானத்தில் அத்தான் கொடுத்தனுப்பிய கங்காரு வால் வந்தது. அம்மா கொழுப்புப் பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். நன்றாக வெந்திருந்ததாகச் சொல்லச் சொன்னாள். பெயர் சொல்லாமல் சொல்.

காகிதத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. அடுத்த வாரம் நானே கொண்டுவருகிறேன். அதற்குப் பிறகு விமானம் இங்கே இறங்காது என்று பைலட் சொன்னார். அதனால் நாங்கள் அதிலேயே டவுனுக்குப் போகிறோம். பெரிய மாமா ஆற்றங்கரை முகாமில் இருக்கிறார், அங்கே ஒரு மூலை இருக்கிறதாம். குடிகாரர்கள் அதிகம் என்றும் சொன்னார். நாய்களைக் கொண்டுபோக முடியாது. அவற்றை வைத்துக்கொள்வாரா என்று லாரிக்காரரைக் கேட்டிருக்கிறேன், பதில் சொல்லவில்லை.

விமானம் வழியில் மல்குராவில் இறங்கும். தபால் பையை எடுக்க எப்போதும் அத்தான்தான் வருவார். அன்றைக்கு அவரை வர வேண்டாம் என்று சொல். நீ வா. அவர் வந்துவிடுவாரோ என்று அம்மா போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் இருப்பாள், நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள். காகிதத்தை நான் உன் கையில் தருவேன். அங்கே நான் எதுவும் பேச மாட்டேன், நீயும் எதுவும் கேட்காதே.

கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். உன் வயிறு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போர்வைக்குள்ளிருந்து அவள் கையை மட்டும் வெளியே நீட்டுவாள். கிட்ட வந்து நில்.

டெல்வினா